கந்தவேல் அண்ணனின் டேப்பட் சத்தம்

நாமக்கல்லில் பழைய லாரி வாங்க வருகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். இஞ்சினை ஓடவிட்டு, பானெட் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். "சத்தமே தெரியலீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரிதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாழ்நாளெல்லாம் லாரி இஞ்சின் பிரித்துக் கோத்தவர் கந்தவேல் அண்ணன். சேந்தமங்கலம் ரோட்டில் என் ‘அறிவு டயர் ரீட்ரெடிங்’ கடைக்கு அடுத்த பட்டறை அவருடையது. கெட்டிக்காரர், கைராசிக்காரர், யார் சொன்னாலும் கேட்காத மனுஷன்.

சில வருஷங்களுக்கு முன் அவர் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வாங்கினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பட்டாளத்துக்காகச் செய்த ஐந்நூறு சிசி வண்டி, ஒற்றை சிலிண்டர். எருமப்பட்டியில் ஒரு கோழிப் பண்ணை மூலையில் தீவன மூட்டைக்கு அடியில் கிடந்ததை என் லோடு ஆட்டோவில்தான் ஏற்றி வந்தோம். அதை அவர் ஓட வைத்துக் காட்டினார். ஆனால் ஓடும் வண்டி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓடி நிற்கும் வண்டி. பதினைந்து, இருபது கிலோமீட்டர் ராஜா மாதிரிப் போகும். நன்றாகச் சூடானதும் இழுவை குறையும், பிறகு நின்றுவிடும். கிக்கரை மிதித்தால் காலில் எதிர்ப்பே இருக்காது, தொளதொளவென்று இறங்கும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

அவர் மனைவி அன்புச்செல்வி அக்காவை அது பல இடங்களில் இறக்கிவிட்டிருக்கிறது. கடைசியாக, ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது. பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக அக்கா ரோட்டோரம் நிற்க, சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ்ஸில் கையாட்டிவிட்டுப் போனார்கள். அன்றோடு அக்கா அந்த வண்டியில் ஏறுவதை விட்டார்.

கோயமுத்தூரில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அக்கா பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இந்தப் பாருங்க, வண்டி கொல்லிமல ஏறட்டும். நடுவுல நின்னுச்சுன்னா அங்கிருந்தே கோயமுத்தூர்க்காரருக்குப் போன் போட்டுருவேன். அப்பறம் என்னயக் கேக்கப்படாது."

அண்ணன் முகம் சுண்டிப் போனது. பட்டறையில் அவர் கை வைத்த இஞ்சின் எல்லாம் ஊரான் வீட்டு இஞ்சின். இது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. இது போய்விட்டால் அவர் ஏங்கியே பாதி ஆளாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் வண்டி நின்றபோது அவர் ஆறவிடவில்லை. சூட்டோடு சூடாகப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வைத் தள்ளிவிடும் டேப்பட்டைத் துணி சுற்றிய விரலால் திருகிப் பார்த்தார். இம்மியும் நகரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். வால்வு சூட்டில் நீளும். அதற்கு இடம் கொடுக்க, வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் டிக் டிக் என்று சத்தம் வரத்தான் செய்யும். லாரியின் இரைச்சலில் அது காதில் விழாது. ஒற்றை சிலிண்டரில் தெருவுக்கே கேட்கும். அண்ணனுக்குச் சத்தம் என்றால் மானக்கேடு ஆயிற்றே! லாரிக்குக் கேஜ் என்கிற அளவுத் தகடு வைத்து இடைவெளி விடுகிற மனுஷன், சொந்த வண்டிக்குக் காதை நம்பி, சத்தம் அடங்கும்வரை இறுக்கியிருக்கிறார். சூட்டில் வால்வு மூடாமல், கிக்கரில் காலுக்கு எதிர்ப்புக் கொடுக்கும் கம்ப்ரஷன் எல்லாம் ஓடிப்போயிருக்கிறது.

"நாந்தானப்பா அறிவு, அது வாயக் கட்டிப் போட்டிருக்கறேன்" என்றார். நான் சிரித்த சிரிப்புக்கு, கையிலிருந்த எண்ணெய்த் துணி என் முகத்தில் வந்து விழுந்தது.

ஹெட்டைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். இஞ்சின் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்து இடைவெளி விட்டார். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்னுங்கண்ணா, கந்தவேல் பட்டறையில டேப்பட் அடிக்குது?" என்று லாரிக்காரர்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பட் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அண்ணன் முன்னால் பி.எஸ்.ஏ.யில், நானும் அக்காவும் பின்னால் லோடு ஆட்டோவில். கட்டி இழுக்கக் கயிறும் எடுத்து வைத்தாயிற்று. வழக்கமாக நிற்கும் தூரத்தைத் தாண்டி அடிவாரம் காரவள்ளிக்கு வந்தும் வண்டி நிற்கவில்லை. மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்த டிக் டிக் கேக்குதா அறிவு?"

"கேக்குதுங்கக்கா."

பாதி மலையில், ஒரு வளைவை அடைத்துக்கொண்டு பஸ் இறங்கி வந்தது. அண்ணன் ஏற்றத்தில் பிரேக் பிடித்தார். இஞ்சின் அணைந்துவிட்டது. பஸ் போனது. மலையில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா கையில் போனை எடுத்துவிட்டார்.

அண்ணன் கிக்கரை மிதித்தார். பிடிக்கவில்லை. ஆனால் அது தொளதொளவென்று இறங்கவில்லை, அவர் காலைத் திருப்பி உதைத்தது. கம்ப்ரஷன் இருக்கிறது! மறுபடி ஓங்கி ஒரு மிதி. கடகடவென்று பிடித்துக்கொண்டது. நான் என்னையறியாமல் ஹாரனை அடித்துத் தீர்த்தேன்.

"நிறுத்து அறிவு" என்றார் அக்கா. இறங்கி நேராக அண்ணனிடம் போனார்.

"தள்ளி உக்காருங்க."

"மேல இன்னும் ஏத்தம் இருக்குது அம்மணி. ரெண்டு பேரு..."

"இழுக்குமா, இழுக்காதா?"

அண்ணன் முன்னால் நகர்ந்தார். இரண்டு பேரையும் சுமந்துகொண்டு அந்தக் கிழட்டு வண்டி ஒவ்வொரு வளைவாக ஏறியது. பின்னாலேயே போன எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

செம்மேட்டில் டீ குடிக்கும்போது கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. "விக்கறதுக்கில்லீங்க" என்று அக்கா ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"டீயக் குடிச்சுட்டு எடுங்க. அறப்பளீஸ்வரர் கோயிலு வரைக்கும் போயிட்டு வந்துரலாம். நீ ஊட்டுக்குப் போ அறிவு, உனக்கெதுக்கு வீண் அலச்சல்?"

காலி ஆட்டோவோடு நான் தனியாக மலை இறங்கினேன்.