அடக்கத்தன்று போட்ட பட்டியல்

சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் வெர்டெல் பாட்ஸைத் தெரியாதவர்கள் புதிதாகக் குடிவந்தவர்களாகத்தான் இருப்பார்கள். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மற்ற நேரமெல்லாம், பழிவாங்கத் துப்பாக்கியோடு கிளம்புகிறவர்களைத் திட்டித் தீர்த்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற குழுவோடு சுற்றுவாள். தங்கமான மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மிரியமும் அந்த வாய்க்குத் தப்பவில்லை.

"சுட்ட அன்னிக்கே திருப்பிச் சுடுவாங்கன்னு எந்தப் புத்தகத்துல படிச்ச? அடக்கம் முடிஞ்சு சர்ச்சுல சாப்பாடு போடுவோம் பாரு, அன்னிக்குத்தான். அம்மா அழறதைப் பார்த்துட்டுத்தான் கெளம்புவானுங்க."

மிரியம் குழுவின் ஐந்து வருஷத்துக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். வெர்டெல் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு அடக்கத்தன்று காலையிலும் குழு கூடி, யாருக்கு ரத்தம் கொதிக்கும், அவரை யார் பார்த்துக்கொள்வது என்று பட்டியல் போடும். இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு நாளில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதற்குள் இவர்கள் இருவரும் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அக்டோபரில் வெர்டெலின் தங்கை மகன் ஜாமெரியைச் சுட்டுக் கொன்றார்கள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அடக்கத்தன்று காலைக் கூட்டத்துக்கு அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

சர்ச் கூடத்தில் அவள்தான் எல்லோருக்கும் கோழி வறுவல் பரிமாறினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எல்லோர் கண்ணும் ஜாமெரியின் அண்ணன்மேல். அவனோ தாயின் தோளில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். வெர்டெல் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். அங்கே மிரியம் நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க, மிஸ் வெர்டெல்?"

"காத்து வாங்க."

"அதுக்குக் கைப்பை எதுக்கு?"

"வழிய விடு கண்ணு. சுட்டவன் எந்த வீடுன்னு எனக்குத் தெரியும்."

மிரியம் நகரவில்லை.

"காலைல போட்ட பட்டியல்ல மொதப் பேரே உங்களோடதுதான்."

"எனக்கா? எனக்கு யாரைப் போட்டீங்க?"

"என்னைத்தான்."

வெர்டெல் அந்த ஒல்லிப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னையா? ஊதினா பறந்துடுவ." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கைப்பையை மிரியத்திடம் நீட்டினாள். வெறும் கைப்பையின் கனமில்லை, துப்பாக்கியின் கனம் அது. மிரியம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஜாமெரி போன பத்து நாளில், வெர்டெல் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.