சந்தைக்காரி திருப்பிக் கேட்ட சொல்

போலந்தின் க்தின்யாத் துறைமுகச் சந்தையின் மீன் கூடத்தில் புகையிட்ட மீன் விற்கும் லெயோகாடியாவுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை உண்டு. முதலில் சொல்லப்படும் விலைமேல் கிடையாது. தன் கல்யாணத்தில் பாதிரியாரிடம் பேசிப் பிரசங்கத்தைப் பாதியாக்கியவள். பிரசவ அறையில் டாக்டர் இன்னும் மூன்று முறை முக்கச் சொன்னபோது, ஒன்றுதான் முடியும் என்று கறாராக நின்றாள். இரண்டில் முடிந்தது. கிங்கா பிறந்தாள்.

அந்தக் கிங்கா வளர்ந்து, நர்ஸாகக் கடலுக்கு அக்கரையில் ஸ்வீடனின் கார்ல்ஸ்க்ரோனாவுக்குப் போய், சிக்ஸ்டன் என்றொரு பையனைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் பேசப் பையனின் அப்பா யால்மார் கிங்காவோடு கப்பலேறி வந்தார். ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர். போலிஷ் மொழியைப் புத்தகத்தில் கற்றவர் என்பதால் அவர் பேசினால் கல்வெட்டு பேசுவதுபோல் இருக்கும்.

"கல்யாணம் இங்கதான் நடக்கணும், சம்பந்தி," என்று கடையில் நின்றபடியே ஆரம்பித்தாள் லெயோகாடியா.

"மிக நல்லது, அம்மையாரே."

"செலவு எங்களுது. முந்நூறு பேர் சாப்பிடணும்."

"அப்படியே ஆகட்டும்."

அவள் மனதில் இருந்தது எண்பது பேர். பெண் வீட்டார் வானளவு சொல்வதும், மாப்பிள்ளை வீட்டார் 'எதுக்குங்க இவ்வளவு சிரமம்' என்று தரைக்கு இறக்குவதும் அவள் அறிந்த மரியாதை. மனிதர் இறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னும் ஏற்றினாள்.

"மூணு நாள் விருந்து!"

"மகிழ்ச்சி."

"மாப்பிள்ளைக்குக் குதிரை வண்டி!"

"என் மகனுக்குக் குதிரைகள் பிடிக்கும்," என்றார் யால்மார் கண் கலங்கி. உபசாரத்தை மறுப்பது அவர் ஊரில் அநாகரிகம்.

பக்கத்துக் கடை ஊர்ஷுலா கையிலிருந்த விலாங்கு மீனைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி லெயோகாடியா, மூணு நாள் சாப்பாட்டுக்கு நான் இப்பவே பட்டினி கிடக்க ஆரம்பிக்கட்டுமா?"

கூடமே சிரித்தது. லெயோகாடியா வசமாக மாட்டிக்கொண்டாள். எதிராளி சரி என்றுவிட்ட விலையிலிருந்து பின்வாங்கியவள் அந்தக் கூடத்தில் மறுநாள் கடை திறக்க முடியாது. பின்வாங்காவிட்டாலோ, திறக்கக் கடையே இருக்காது, விற்க வேண்டியதுதான்.

"அவங்க ஊர்ல சொன்னா சொன்னதும்மா," என்று கிசுகிசுத்தாள் கிங்கா.

"அதென்னடி காட்டுமிராண்டித்தனம்!"

லெயோகாடியாவின் முகம் வெளுத்ததைப் பார்த்த யால்மார், நல்ல விஷயம் சொல்லித் தேற்றலாமென்று நினைத்தார். எந்த நல்ல விஷயமும் சொற்பிறப்பியலாக மாறிவிடுவது அவர் வியாதி.

"அம்மையாரே, சந்தையை நீங்கள் 'தார்க்' என்கிறீர்கள். எங்கள் ஊர் நடுவே ஒரு மாபெரும் சதுக்கம். அதை நாங்கள் 'தோரி' என்போம். இரண்டும் ஒரே சொல். வணிகர்களோடு உங்கள் ஸ்லாவியர் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்தது. நார்வேயிலும் டென்மார்க்கிலும்கூட உண்டு. உங்களிடம் பேரம் பேசுவதற்கும் அதே வேர். எங்களிடமோ இப்போது பெரும்பாலும் வெறும் சதுக்கம்."

லெயோகாடியா மெல்ல நிமிர்ந்தாள். "அப்போ எங்க சரக்கு. எடுத்துட்டுப் போயி, பேரத்தைக் கழட்டிப் போட்டுட்டு, கல்லு தரையை மட்டும் வச்சிருக்கீங்க. திருப்பிக் குடுங்க!"

"உங்களுக்கும் கிழக்கே வேறு யாரிடமிருந்தோ வந்திருக்கலாம். உறுதியில்லை."

"செகண்ட் ஹேண்டா? அதுக்கும் ஒரு விலை உண்டு. குடுங்கய்யா!"

யால்மார் யோசித்தார். அவ்வளவு பெரிய சதுக்கம் பெயரில்லாமல் கிடப்பதை நினைத்தார். "முடியாது," என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு. லெயோகாடியாவின் காதில் அது ஈஸ்டர் மணியாக ஒலித்தது.

"வேணும்னா வச்சுக்கோங்க. பதிலுக்கு, என் வாயிலேர்ந்து விழுந்த மூணு நாள்ல ரெண்டு நாளைத் திருப்பிக் குடுங்க."

"இரண்டு அதிகம். ஒன்று."

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "முந்நூறு பேர் வேண்டாம், எண்பது," என்றாள். "நூற்றைம்பது," என்றார். "கடையில இருக்கிறதே எழுபது மீன்தான், ஆளுக்கு ஒரு வாலா குடுப்பேன்?" என்றாள். "நூறு!" என்றார். "எண்பது!" என்றாள். அவர் திடீரென்று தொப்பியை எடுத்து, "அப்படியானால் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்று வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இதை எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது. லெயோகாடியா அவரைக் கதவுவரை போகவிட்டாள், அதுதான் மரியாதை.

"சரி, வாங்கய்யா! தொண்ணூறு!"

தொண்ணூறு பேர், இரண்டு நாள். குதிரையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று குதிரை மணப்பெண்ணின் பூச்செண்டைத் தின்றுவிட்டது. விருந்தில் எல்லோரும் கோப்பையைத் தூக்கி, "கசக்குது! கசக்குது!" என்று கத்தினார்கள், மணமக்கள் முத்தமிட்டால்தான் ஓட்கா இனிக்கும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு முத்தம் ஆயிற்று. யால்மார் நாற்காலியில் ஏறி நின்றார்.

"ஒண்ணு பத்தாது! அஞ்சு!" சந்தைப் பேச்சு அவருக்கு வந்திருந்தது.

"ரெண்டு!" என்றாள் லெயோகாடியா.

சம்பந்தி நாற்காலியிலிருந்து இறங்கினார், தொப்பியை எடுத்தார், வாசலை நோக்கி நடந்தார். தொண்ணூறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.