கோப்பையில் தெரிந்த நீலம்

அந்தச் சின்ன விமானத் தளத்தின் மெக்கானிக்கை எல்லாரும் மோப்பக்காரர் என்றுதான் சொல்வார்கள். மனிதர் முகர்ந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வீட்டில் பால், கடை ரொட்டி, துவைத்து மடித்த சட்டை எல்லாம் அவர் மூக்கைத் தாண்டித்தான் போகவேண்டும். தன்னை மட்டும் எப்படி முகராமல் கட்டிக்கொண்டார் என்று மனைவி கேலி செய்வாள்.

வேலையில் அந்தச் சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. தினமும் காலையில் இறக்கைக்குள் இருக்கும் டேங்கின் அடியிலுள்ள சின்னத் திருகைத் திறந்து, கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பார். விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். பார்த்து, முகர்ந்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவார்.

பெட்ரோல் நிரப்புகிறவன் மனைவியின் தம்பி. அவனை வேலையில் சேர்த்துவிட்டவரும் இவர்தான், ஒரு நாளும் நம்பாதவரும் இவர்தான்.

அன்று காலை ஒரு பயிற்சி விமானம் மேலே எழும்பியதுமே இன்ஜின் இருமி அடங்கிவிட்டது. பயிற்சி கொடுக்கும் பெண் கெட்டிக்காரி. தளத்துக்குத் திரும்ப ஆசைப்படாமல் நேரெதிரே இருந்த உழுத வயலில் இறக்கினாள். முன்சக்கரம் ஒடிந்தது. அவளும் மாணவனும் சிராய்ப்போடு தப்பினார்கள். டேங்கைத் திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர்.

மோப்பக்காரருக்கு ரத்தம் கொதித்தது. முந்தின நாள் நிரப்பிய மைத்துனன் மூடியைச் சரியாகத் திருகியிருக்க மாட்டான், ராத்திரி மழை உள்ளே இறங்கியிருக்கும். திருகினேன் என்று அவன் சத்தியம் செய்தான். அந்த முழியைப் பார்த்தாலே கள்ளம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் அவனுக்கு வேலை போய்விடும். சாயங்காலமே சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பால் டம்ளரை நகர்த்தினாள். ஒரே மடக்கில் குடித்தார்.

அவள் பாத்திரத்தை மூட வந்தவள் அப்படியே நின்றாள்.

"பால் கெட்டுப்போயிருக்கே. இந்த நாத்தம் நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. இரண்டு நாளாக ஜலதோஷம்.

பேனா நின்றது. காலையில் கோப்பையை முகர்ந்தபோதும் வாசனை வரவில்லை, மூக்கடைப்புதானே என்று விட்டுவிட்டார். கோடு தெரியவில்லை. மழை விட்ட வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார், நீலமாக இருந்தது. கோப்பை முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்? அவர் பார்த்தது வானத்தின் நீலம். ஊரையே சந்தேகப்பட்டவருக்குத் தன் மூக்கைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. மூடியை யார் எப்படித் திருகியிருந்தாலும் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான்.

தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் முதல் வரியிலேயே தன் பெயரை எழுதினார்.

"தம்பிக்கு வேலை போயிடுமா?" என்றாள் மனைவி.

"அவனுக்குப் போகாது," என்றார். "இனிமே கையெழுத்துப் போட என்னைத்தான் விடமாட்டாங்க."