எல்லாத் தெருக்களிலும்

பத்தொன்பது வருஷமாக மைக்கில் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, இந்த ஆளை நம்பியா இத்தனை நாள் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னோம் என்பதுபோல் பார்த்தாள்.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மே மாதம் மாதா கோயில் தேர்த் திருவிழா. கொடியேற்றம் முதல் தேர் நிலைக்கு வரும்வரை மைக் என் கையில்தான். நன்கொடை அறிவிப்புக்கு நடுவே ஒரு ஜோக், காணாமல்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்புக்கு நடுவே ஒரு ஜோக். அதனால் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தேன். என் அறிவிப்பில் மாறாத வரி ஒன்று உண்டு. "அன்னையின் ஆடம்பரத் தேர் ஊரின் எல்லாத் தெருக்களிலும் பவனி வந்து ஆசி வழங்கும்."

தேர் போவது ஆறு தெரு. ஏழாவதன் வாசலில் திரும்பிவிடும். ஏழாவதற்குப் பெயர் காலனி. எங்கள் ஊர் பாஷையில் ஊர் வேறு, காலனி வேறு. காலனிக்காரர் கடைக்கு வந்தால் 'ஊருக்குள்ள வந்தேன்' என்றுதான் சொல்வார். ஆகவே 'ஊரின் எல்லாத் தெருக்களும்' என்று நான் சொன்னது என் கணக்கில் சரியாகத்தான் இருந்தது. இலக்கணப் பிழை இல்லாத பொய்.

காலனியில் எனக்கு ஒரு கூட்டாளி. பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம், ஒரே கணக்கில் இரண்டு பேரும் ஃபெயிலானோம். நான் அவனை 'வாடா' என்பேன். அவன் என்னை 'வாங்க மைக்கு சார்' என்பான். அதை அவனுடைய தமாஷ் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் தேருக்கு முன்னால் ஊதிக்கொண்டே நடப்பான். காலனி முனையில் தேர் திரும்பும்போது அவனும் கூடவே திரும்பி, தன் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி ஊதிக்கொண்டு போவான். பத்தொன்பதாவது வருஷம் தை மாதம் வானூர் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் தேரும் தேர்தலும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. எனக்குத் திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் கடை. எல்லாக் கட்சிக்கும் நான்தான் அடிக்கிறேன், கோயிலுக்கும் நான்தான். ஒரே மெஷின், ஒரே மை. காலையில் 'சமத்துவமே எங்கள் மூச்சு', மதியம் 'நாம் அனைவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள்'. ஃபாண்டுகூட மாற்றுவதில்லை.

விழுப்புரத்தில் நடந்த திருச்சபைக் கூட்டத்துக்குப் போய்வந்த எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. திருச்சபையின் போதனையையும் கட்சிகளின் நிலைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பட்டியல், மனசாட்சிப்படி ஓட்டுப் போட வசதியாக. யாருக்குப் போடு என்று சொல்லக் கூடாது, டிக் மட்டும் போதும். எட்டடிக்கு நான்கடி அடித்துக் கோயில் வாசலில் கட்டினேன். மதுவிலக்கு, வரதட்சணை, கருக்கலைப்பு, ஏழைகள், சாதி ஒழிப்பு. கட்டங்கள் நான்கு, ஒன்று திருச்சபைக்கு, மூன்று கட்சிகளுக்கு. மற்ற வரிகளில் டிக்கும் பெருக்கலும் கலந்து வந்தன. மதுவிலக்கு வரியில் ஒரு கட்சிக்கு இரண்டையும் போட வேண்டியிருந்தது, அறிக்கையில் கடையை மூடுகிறார்கள், ஆட்சியில் திறக்கிறார்கள். சாதி வரியில் மட்டும் நான்கு கட்டத்திலும் அழகான பச்சை டிக். ஒற்றுமையாக இருந்தது. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து என் கூட்டாளியின் மனைவி அந்த போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்.

"சார், சாதிக்கு நாலு கட்டத்துலயும் டிக்கு போட்டுக்கிறீங்க. அப்ப இந்த வருசம் தேரு எங்க தெருவுக்கு வருமில்ல?"

"எல்லாத் தெருவுக்கும்தானம்மா வருது," என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவர் என்னை, கேள்விக்குப் பதில் தெரியாத பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க தெருவுக்கு ஒரு வருசமும் வந்ததில்ல சார்."

"அது கரண்டு ஒயரு தாழ தொங்குதுன்னு..."

"அவரு நாலு மாசமா படுத்த எடத்துலயே கெடக்குறாரு சார். தேருக்கு முன்னாடி ஊதிக்கினு போனவரு. இனிமே எழுந்து வர முடியாது. அது வாசல் வரைக்கும் வந்தா பாப்பாரு. வேற ஒண்ணும் கேக்கல."

ஒயர். தேர் காலனிக்குள் போகாததற்கு ஊரில் சொல்லும் காரணம் அது. நானும் அதை இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அதே வாரம் ஒரு வேட்பாளரின் வேன் காலனிக்குள் போனது, மேலே அவருடைய கட்அவுட்டோடு. அதை அடித்தவன் நான், பதினாறு அடி. மாதாவின் தேர் கிரீடத்தோடு சேர்த்துப் பதினான்கு அடி. பதினாறு அடி வேட்பாளர் கும்பிட்ட கையோடு அந்த ஒயருக்கு அடியில் சுகமாகப் போய்வந்தார். பதினான்கு அடி மாதாவுக்கு ஷாக் அடிக்குமாம். கடையில் அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். அன்றைக்கு வரவில்லை.

சாமியிடம் போனேன். நல்ல மனுஷர். ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "திருச்சபையோட போதனை தெளிவா இருக்குங்க. கிறிஸ்துவுக்குள்ள பாகுபாடு இல்ல. அதத்தான் நான் பிரசங்கத்துல சொல்றேன். ஆனா தேர் ரூட்டுன்றது சமூகப் பிரச்சினை. அத அரசியல்வாதிங்கதான் தீர்க்கணும்."

சரி என்று அரசியல்வாதிகளைப் பிடித்தேன். அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஃப்ளெக்ஸ் வாங்கக் கடைக்கே வருவார்கள். முதல் கட்சிக்காரர், சமூகநீதி என்று எழுத்துப் பெரிசாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பதறிவிட்டார். "அண்ணே, அது உங்க மத விசயம். நாங்க கை வச்சா ஊர்த் தெரு ஓட்டு பூரா பூடும். பேஜாரு புடிச்ச வேலை." இரண்டாவது கட்சிக்காரர் என் தோளில் கை போட்டார். "எலெக்சன் முடியட்டும், உக்காந்து பேசலாம்." எந்த எலெக்சன் என்று சொல்லவில்லை. மூன்றாவது கட்சிக்காரர் படித்தவர். நிதானமாக விளக்கினார். "மதம் மாறிட்டா சாதி போயிடுதுன்னுதான் எங்க நிலைப்பாடு. அதனாலதான அவங்களுக்கு எஸ்.சி. சலுகை கெடையாதுன்றோம். இல்லாத சாதிக்கு நாங்க எப்படி சார் கொரல் குடுக்கறது?"

சர்டிஃபிகேட் கேட்டுப் போனால் உனக்குச் சாதி இல்லை. தேர் கேட்டு வந்தால் உனக்குச் சாதி இருக்கிறது. கோயிலில் கேட்டால் இது அரசியல், கட்சியில் கேட்டால் இது மதம். நான்கு பேரும் ஒருத்தனைப் பந்தாக உதைத்து விளையாடுகிறார்கள், அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர்போர்டு எழுதி, பச்சை டிக் போட்டு, எட்டடிக்கு நான்கடியில் கட்டிவிட்டவன் நான்.

அடுத்த நாள் காலை ஸ்டூலைப் போட்டு ஏறி, சாதி வரியில் நான்கு டிக்கின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி ஒட்டினேன். பசை காய்வதற்குள் என் சித்தப்பா வந்துவிட்டார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் அவர்தான், தலைவர் சாமி என்பது பேருக்கு.

"எறங்குடா கீழ. கோயிலுக்கே பெருக்கல் போடுறியா?"

"கட்சிக்கும்தான் போட்டிருக்கேன் சித்தப்பா. பாரபட்சம் இல்ல."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது. இன்னிக்கு தேர உள்ள வுட்டா நாளைக்குக் கல்லறையக் கேப்பான். ஊர்க் கல்லறையில உங்கப்பன் பக்கத்துல அவன் படுப்பானா?"

என் அப்பாவுக்கு உயிரோடு இருந்தபோதே பக்கத்தில் யார் படுத்தாலும் குறட்டை மட்டும்தான் பிரச்சினை. அதைச் சொன்னேன். சித்தப்பா சிரிக்கவில்லை. மத்தியானம் போர்டை இறக்கினார்கள். காரணம் கேட்டேன். தேர்தல் நடத்தை விதியாம். டிக் இருந்த இரண்டு வாரமும் அந்த விதி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு லைன்மேனைக் கூட்டிவந்து காட்டினேன். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், இதுல கரும்பு லாரியே போவும்." அதைப் பேரவையில் சொன்னதும் ஒயர் காரணம் செத்தது, உடனே இன்னொன்று பிறந்தது. போலீஸ் பர்மிஷன் பழைய ரூட்டுக்குத்தான் வாங்கியிருக்கிறதாம், தேர்தல் நேரத்தில் மாற்றக் கூடாதாம். சாமி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்துவிடும்.

கோபத்தில் நேராகக் காலனிக்கு நடந்தேன். கூட்டாளி கட்டிலில் படுத்திருந்தான். தலைமாட்டு ஆணியில் டிரம்பெட்.

"இந்த வருசம் தேரு வரும்டா. தேர இழுக்குற டிராக்டர் டிரைவர் யாரு பேச்சக் கேக்குறான்? மைக்கு பேச்சத்தான். 'மேற்குத் தெருவில் திரும்பும்'னா திரும்புறான். 'காலனிக்குள் செல்லும்'னு சொல்லப் போறேன், அவ்ளோதான்."

"சித்தப்பா சும்மா இருப்பாரா மைக்கு சார்?"

"மைக்கு என் கையில இருக்குது."

மறுநாள் அவன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். கட்டிலையும் வாசலைப் பார்த்தாற்போல் திருப்பிப் போட்டார்களாம்.

தேர் அன்று சாயங்காலம் ஆறு தெருவும் ஒழுங்காகப் போனது. காலனி முனைக்கு வந்தது. உள்ளே ஒவ்வொரு வாசலிலும் மெழுகுவத்தி. கோலம் போட்டு, மாலை வாங்கி வைத்து, ஜனம் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பேண்டு செட் நின்றது. நான் தேருக்கு முன்னால் போன ஆட்டோவில் மைக்கோடு இருந்தேன். என் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வர வேண்டும்.

சித்தப்பா ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஊர்த் தெரு ஆட்கள் முப்பது நாற்பது பேர், எல்லோரும் எனக்கு மாமன், மச்சான், பங்காளி. யாரும் கையை ஓங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். மிரட்டியிருந்தால்கூட இந்த இடத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நாளைக் காலையில் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மைக்கை வாயில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். பழக்கதோஷம்.

"ஒயர்ல கரண்டு இருக்குது. மாதாவுக்கு ஷாக் அடிச்சா ஃபாதர்தான் பில்லு கட்டணும்."

சிரித்தார்கள். சித்தப்பா முதலில், பிறகு முப்பது நாற்பது பேரும். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினான். பேண்டு செட் என் கூட்டாளி இல்லாமல் ஊத ஆரம்பித்தது. தேர் எப்போதும்போல் போனது. நான் அடுத்த அறிவிப்பைச் சொன்னேன், என்ன சொன்னேன் என்று இன்றைக்கு நினைவில்லை. மெழுகுவத்திகளை யார் அணைத்தார்கள் என்றும் பார்க்கவில்லை.

சாமி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்த மூன்று கட்சிக்காரர்கள் மேலும் இருக்கிறது. சித்தப்பாவோடு பேசுவதில்லை. ஆனால் அவர்களில் யாரும் என் கூட்டாளியிடம் போய் 'தேர் வரும்' என்று சொல்லவில்லை. அவர்கள் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்கள், எப்போதும் செய்யாததைத்தான் செய்யாமல் இருந்தார்கள். வாசலைப் பார்த்துக் கட்டிலைத் திருப்ப வைத்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை தேர்மாலையில் ஒரு முழம், கொஞ்சம் மந்திரித்த பொரி, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அவன் மனைவி கதவைத் திறந்துவிட்டு, பையைப் பார்த்து, வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டார். எதிரிலிருந்த கம்பத்தில் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கர் அவன் வாசலைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. என் ஜோக்கும் அந்தச் சிரிப்பும் கட்டில்வரை எப்படி வந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"டேய், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். வேறொரு ஜோக் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பத்தொம்போது வருசமா எங்க தெருவுக்கு உன் சத்தம் மட்டும்தான்டா வந்துக்கினு இருக்குது."