கங்குத் தட்டு

பழைய இரும்புக்காரருக்குப் போட என் மகள் இன்று காலை ஒதுக்கி வைத்த சாமான்களுக்கு நடுவே அந்தத் தட்டும் கிடந்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடிப்பாகத்தை வெட்டி, ஓரத்தை மடக்கி, இரண்டு பக்கமும் ஆணியால் துளைபோட்டுக் கம்பி கோத்த தட்டு. துரு ஏறிவிட்டது. ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருக்கிறது. பூட்ஸ் கால் உதைத்த இடம் அது. அவள் பேசாமல் தூக்கிப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. "இது கோணக்கை அத்தையோடதுதானம்மா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அவள் சொல்லும் அத்தை எனக்கு மதினி. என் அண்ணன் மனைவி. எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் வேலை பார்த்தோம், ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தோம். பறித்த ஏலக்காயை அப்படியே வைத்திருக்க முடியாது, அழுகிவிடும். ஸ்டோர் என்று ஒரு கல் கட்டடம் உண்டு. அதன் வெளிச்சுவரில் ஆள் குனிந்து நுழையலாம் என்கிற அளவுக்கு அடுப்பு வாய். அங்கே எரிகிற நெருப்பின் சூடு தகரக் குழாய்களில் ஓடி, உள்ளே பரப்பியிருக்கும் காயை உலர்த்தும். ஒரு ஈடு காய ஒன்றரை நாள் ஆகும். அதுவரை அடுப்பு ஒரே சீராக எரிய வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும். எங்கள் லயம் முழுக்க ஒரு வாரம் பொங்கித் தின்னும் விறகை அந்த அடுப்பு ஒரு பொழுதில் விழுங்கியது. அதுவும் நன்றாகக் காய்ந்த கட்டையாகவே அதற்கு வேண்டும்.

அந்த விறகுக்கு மரம் வெட்டும்போதுதான் அண்ணன் செத்தான். சாய வேண்டிய பக்கம் சாயாமல் மரம் திரும்பிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். தோட்டத்தில் மதினியைப் பாவம் என்று சொல்லி ஸ்டோர் அடுப்பு வேலையைக் கொடுத்தார்கள். பெண்கள் யாரும் அதுவரை அந்த வேலை பார்த்ததில்லை. அண்ணன்மேல் விழுந்த மரமும் துண்டு துண்டாக அங்கேதான் வந்து சேர்ந்தது. மதினி அதை ஒவ்வொரு கட்டையாக எடுத்து அடுப்பில் வைத்தாள். அழவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளும்போது கம்பியால் ஓங்கி ஒரு குத்துக் குத்துவாள், அவ்வளவுதான்.

வேலையை மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே உள்ளே காய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்வாள். தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் சாயங்காலம் ஆனால் லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு ஸ்டோருக்குப் போவார்கள். அடுப்பு வாயிலிருந்து ஒரு வாரு கங்கு வாரிப் போட்டு அனுப்புவது அடுப்புக்காரரின் கடமை. தீப்பெட்டி நமுத்துப் போகும், சுள்ளி நனைந்து கிடக்கும் மலையில் அந்தக் கங்கை வைத்துத்தான் எல்லா வீட்டிலும் உலை ஏறியது. புதிதாக வந்த ஸ்டோர் மேஸ்திரிக்கு அது கண்ணை உறுத்தியது. ராசிங்காபுரம் பக்கத்து ஆள், எங்கள் பேச்சைப் பேசுகிறவன்தான். கங்கு எடுப்பதால்தான் சூடு குறைந்து காய் வெளுக்கிறது என்று மேனேஜரிடம் ஓதினான். இனி எந்த வீட்டில் ஸ்டோர்க் கங்கு எரிகிறதோ அந்த வீட்டைக் காலி பண்ணி மலையை விட்டு இறக்கிவிடுவோம் என்று உத்தரவு வந்தது.

அந்த ஆவணியில் என் மகள் பிறந்தாள். பதினோராம் நாள் ஒரே அடைமழை. மெட்டு ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு மேலே வரவில்லை, அதனால் மண்ணெண்ணெயும் வரவில்லை. இரண்டு நாளாக என் அடுப்பில் தீ இல்லை. பிள்ளை முதலில் அழுதது, பிறகு முனகியது, மத்தியானத்துக்கு மேல் அதுவும் நின்றுபோனது. உதடு நீலம் பாரித்துவிட்டது. வீட்டுக்காரர் தூரத்துக் காட்டில் வேலைக்குப் போயிருந்தார். நான் பிள்ளையை என் வயிற்றோடு கட்டிக்கொண்டு வெளியே வந்து கத்தினேன். மதினி ஓடி வந்து பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸா இருக்கேடி. உள்ள போ. கொண்டாறேன்."

பட்டப்பகலில், நாலு மணி வாக்கில், தட்டு நிறையக் கங்கை அள்ளி முந்தானையால் மழைக்கு மறைத்துக்கொண்டு வந்தாள். லயத்து முக்கில் மேஸ்திரி மறித்தான். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த வீட்டுக்கு?"

"ஒரு தட்டுக் கங்குதேண்ணே. விடுங்க, அணையுது."

"எந்த வீட்டுக்குன்னு கேட்டேன்."

அவள் விலகி நடந்தாள். அவன் தட்டை உதைத்தான். கங்கு அவள் கையிலும் காலிலும் கொட்டிச் சிதறியது. அவள் கத்தவே இல்லை. குனிந்து, கீழே கிடந்ததில் ஒரு கங்கை வெறுங்கையால் எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். அவன் போட்ட அலறலுக்கு ஸ்டோரிலிருந்து மூன்று வாட்சர்கள் ஓடி வந்தார்கள். அவளை முடியைப் பிடித்து ஸ்டோர் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அடிக்க அவர்கள் கம்பு தேடவில்லை. பக்கத்திலேயே அடுக்கியிருந்த விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

"எந்த வீடு, சொல்லு!" என்று மேஸ்திரி கேட்பான். அடி விழும். "பறயெடீ!" என்று மலையாளத்து வாட்சர் ஒருவன் தன் பேச்சில் அதையே கேட்பான். அடி விழும். கட்டை எலும்பில் படும் சத்தம் மழையிலும் தனியாகக் கேட்டது. அவர்கள் கேட்டது என் வீட்டை. ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதை நாற்பது வருடத்துக்கு மேலாக மதினியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். முற்றத்துக்கு அல்ல, முக்குக்கு. அந்தத் தட்டு அங்கே கவிழ்ந்து கிடந்தது. சேற்றில் சீறிக்கொண்டிருந்த கங்கில் உயிர் இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கினேன். விரல் வெந்தது. அங்கே அவள் அடிபடுகிறாள், இங்கே நான் கங்கு பொறுக்குகிறேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். முற்றத்தில் குப்புறக் கிடந்தவள் என்னைப் பார்த்தாள். மேஸ்திரியும் என் பக்கம் தலையைத் திருப்பப் போனான். அவன் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடுவிக்கத்தான் வலது கையில் கட்டையை இறக்கினார்கள். நான் தட்டோடு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன்.

ஏழெட்டுக் கங்குதான் பிழைத்திருந்தது. கூரையிலிருந்து பழைய ஓலையை உருவி, அண்ணன் செய்து கொடுத்த மணையை வெட்டிப் போட்டு ஊதினேன். தீ பிடித்தது. பிள்ளையை மடியில் வைத்து அனல் காட்டினேன். வெகு நேரம் கழித்து வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்க மாட்டேன்.

அடிக்கிற அவசரத்தில் நான்கு ஆண்களும் ஸ்டோர் அடுப்பை மறந்துவிட்டார்கள். நினைப்பு வந்தபோது நெருப்பு சாம்பலாகியிருந்தது. பதறிப்போய் கட்டைகளை வாய் கொள்ளாமல் திணித்தார்கள். அடிக்கத் தெரிந்த எவனுக்கும் எரிக்கத் தெரியவில்லை. மறுநாள் ஸ்டோரைத் திறந்தால் பாதிக் காய் வெளுத்து, பாதிக் காய் வெடித்துக் கிடந்தது. பழி மதினிமேல் விழுந்தது. மேனேஜர் லயத்து ஆட்களை எல்லாம் முற்றத்தில் நிற்க வைத்து, கங்கு யாருக்குப் போனது என்று கேட்டார். மதினி சாக்கைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"எனக்குத்தேன். குளுருச்சு, எடுத்தேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையை நெரித்துப் பிடித்திருந்தார். அவர் பிடிக்காமல் இருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ரோடு சரியானதும் லோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே அவளை ஏற்றி இறக்கிவிட்டார்கள். போலீசு, கேசு ஒன்றும் கிடையாது. மேஸ்திரி கன்னத்துத் தழும்போடு இன்னும் பல வருடம் அதே வேலையில் இருந்தான். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

எண்பதுகளில் நாங்களும் கீழே இறங்கிப் போடிக்கு வந்தோம். மதினி சிலமலையில் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். கை கோணலாகவே கூடிவிட்டது. முதல் தடவை பார்க்கப் போனபோது தட்டையும் கொண்டு போனேன். காலில் விழுந்து, உன்னை விட்டுவிட்டுக் கங்கைப் பொறுக்கினேனே என்று அழுதேன். தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கூறு கெட்டவளே, கங்க விட்டுட்டு என்னையத் தூக்க வந்திருந்தீன்னா நானே உன்னய அடிச்சுக் கொன்னுருப்பேன். தட்ட நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கு?"

என் மகள் அப்போது துறுதுறுவென்று பேசும் வயது. அந்தக் கையைப் பார்த்து அவளாகவே வைத்த பேர்தான் கோணக்கை அத்தை. மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கையால்தான் அவளுக்குச் சோறு ஊட்டினாள், அந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் விளையாட்டுக் காட்டினாள். ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. நான் மகளை அதட்டவில்லை. அதட்டினால் ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டி வரும். மதினி சாகும்வரை அந்தப் பேரோடே இருந்தாள்.

இன்று தட்டைப் பிடுங்கியதும் மகள் திகைத்துப் போய் நின்றாள். காஸ் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கங்கு, கட்டை, முற்றம், நான் சாத்திய கதவு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்தபோது தட்டை என் கையிலிருந்து வாங்கி, அமுங்கிய இடத்தைத் தடவினாள்.

"கோணக்கை, கோணக்கைன்னு வாய் நெறையக் கூப்பிட்டேனேம்மா. நீ கேட்டுட்டுத்தானே இருந்த?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை.