மூன்றாம் பாகத்தின் வாடை

ஆம்பூர் வாசகசாலையில் நான் முதலில் எடுத்தது, கொஞ்சப் பணம் போட்டுப் புதுத் தொழில் தொடங்குவது பற்றிய புத்தகம். சோப்பு காய்ச்சுவது, பித்தான் செய்வது, இயந்திரம் வைத்துத் தோல் பதனிடுவது எல்லாம் அதில் இருந்தன. என்னைப் போன்ற தோல் மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் பொருத்தமான புத்தகம். முதலாளி கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்துப் படித்தேன்.

அடுத்தது, ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தன் வம்சத்தைப் பற்றித் தானே அச்சிட்டுக்கொண்டது. பாதிப் பக்கங்களில் யார் யாருக்குத் தத்துப் போனார். மீதியில் யார் யாரோடு பேசுவதில்லை. எங்கள் குடும்பம் போலவே இருந்ததால் விடாமல் படித்தேன்.

அந்த அலமாரியிலேயே காதல் நாவல் ஒன்றும் இருந்தது. மூன்று பாகம். ஒரு பெண், அவளை ஒரு வக்கீலும் ஒரு படகுக்காரனும் விரும்புகிறார்கள். மீசை நரைத்தவன் அதை எடுக்கலாமா? “வூட்ல கேட்டாங்க” என்று வாசகசாலைக் காரியதரிசியிடம் சொல்லி எடுத்துப்போய், மண்டியில் தோல் பதனிட அடுக்கியிருந்த ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிப் படித்தேன். இரண்டாம் பாகம் அவள் ஆற்று வெள்ளத்தில் விழுவதோடு முடிந்தது. மூன்றாம் பாகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் புகார் வந்தது: புத்தகங்களில் தோல் வாடை அடிக்கிறது. மண்டிக்காரர்கள் இனி வீட்டுக்குப் புத்தகம் எடுக்கக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கமிட்டி முடிவெடுக்கப் போகிறதாம். ஊர்ப் பெரியவர்கள் பேப்பர் படிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பிழைத்தாளா என்று நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதா? கையிலிருந்த இரண்டாம் பாகத்துக்குச் சாம்பிராணி போட்டேன். செத்த ஆட்டுக்குப் பூசை நடந்த இடம் போல மணந்தது.

கமிட்டி கூடிய ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் முதலாளிதான். பொடி போடும் காரியதரிசிக்கு அன்றைக்கென்று மூக்கு திறந்திருந்தது. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். தொழில் புத்தகம் நாறியது. வம்சமும் நாறியது. நாவலின் முதல் பாகத்தை எடுத்தார்.

“இன்னாய்யா கணக்குப்பிள்ளை, இது வூட்டம்மாவுக்குன்னு தானே சொன்னே?”

“ஆமாங்க.”

“அவங்களும் மண்டியிலதான் வேல செய்றாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது, ஓடினால் செருப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். இரண்டாம் பாகத்தை முகர்ந்தவர் பக்தியோடு கீழே வைத்தார். கடைசியாக, யார் வைத்தது என்று தெரியாமல் அன்று காலையில்தான் அலமாரிக்குத் திரும்பி வந்த மூன்றாம் பாகம். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“இதுவும் அதே நாத்தம். இதை நீ எடுக்கவே இல்லியே?”

“இல்லீங்க.”

என்னைத் தவிர அங்கே மண்டியோடு சம்பந்தம் உள்ளவர் இன்னும் ஒருவர்தான். அவர் கூரையில் ஓடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் ரகசியம் போனதைவிட அவர் ரகசியம் எனக்குக் கிடைத்ததுதான் பெரிய ஆபத்து.

முதலாளி தொண்டையைச் செருமினார். “தோல் ஊர்ல புஸ்தகம் மல்லிப்பூவாட்டம் மணக்குமா? இதுக்கு ஒரு கமிட்டி! பேஜார் புடிச்ச வேல. விடுங்கய்யா.”

விட்டுவிட்டார்கள். மூன்றாம் பாகத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளி வண்டியில் ஏறியவர் என்னைப் பார்த்தார்.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன் மொதலாளி.”

“அவ பொழச்சிக்கிறா. வக்கீலத்தான் கட்டிக்கிறா. நாளைக்கு மூட்டைக்குப் பின்னால குந்தாம கணக்கப் பாரு.”

வண்டி போய்விட்டது. கோபத்தில் நேரே மண்டிக்குப் போய், அதே மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அன்று சாயங்காலத்துக்குள்ளேயே படித்து முடித்தேன். அவள் கட்டிக்கொண்டது படகுக்காரனை. முதலாளி கடைசிப் பக்கங்களைப் படிக்கவில்லையா, அல்லது என்னிடம் விளையாடினாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால், எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று அவர் கேட்பார்.