குரு போட்ட பாசி

"...அதால மனே, குரு போட்டதுகள ஒண்டு விடாமப் புடுங்கிக் கரையில காய விட்டுட்டன். நோன்பு துறக்கிற சனத்துக்கு அம்மையக் குடுத்த பழி நமக்கு வேணாம்" என்றார் மாமி.

சொந்த மாமி அல்ல. கல்முனைக்குத் தெற்கே, கடல்நீர் ஏறி நிற்கும் களப்பின் ஓரத்தில் எங்கள் பக்கத்து வளவுக்காரி. புருசன் மௌத்தான பிறகு களப்புதான் அவருக்குச் சோறு போட்டது. தண்ணீருக்கடியில் கிடக்கும் மட்டிச் சிப்பிகளைப் பற்றிக்கொண்டு அங்கே ஒரு சிவப்புப் பாசி வளரும். அதைப் பிடுங்கி, அலசி, வெயிலில் வெளுக்கப் போட்டு விற்பார். சந்தையில் அதற்குக் கடப்பாசி என்று பெயர். காய்ச்சி ஆற விட்டால் உறைந்து நிற்கும். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துத் துண்டு போட்டால், நோன்பு துறக்கும் தட்டில் முதலில் முடிவது அதுதான்.

வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு குமர் இருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு முடிந்தால்தான் மாப்பிள்ளை படியேறுவான். மகளுக்கென்று மாமி கட்டிய வீட்டின் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. கூரை மறுபடி வருவதென்றால் பாசியிலிருந்துதான் வரவேண்டும். பாசியோ புயலுக்குப் பிறகு, கச்சான் என்கிற வெக்கைக் காற்றுக் காலம் வரும்போதெல்லாம் குறைந்துகொண்டே போனது.

அந்த வருடம் கச்சான் காற்று வேளைக்கே எழும்பிவிட்டது. அடுப்பு வாயைத் திறந்து வைத்தது போல் நாள் முழுக்க வீசும். ஊரில் அம்மை வீடு வீடாக நடந்தது. களப்பு உள்வாங்கிப்போய், ஓரத்துச் சேறு வெடித்து, செத்த மீனின் வாடை எங்கள் குசினி வரை வந்தது. கச்சானுக்குக் கச்சான் வருவது போல அந்த முறையும் பாசியில் கொப்புக்குக் கொப்பு குண்டூசித் தலையளவில் குரு, அம்மைக் கொப்புளம் போலவே. சூட்டுக்கு மனிசருக்கு வருவது பாசிக்கும் வருகிறது என்று எங்கள் பெண்கள் கணக்குப் போட்டார்கள். நோயாளியை ஒதுக்கி வைக்கிற ஊர் நாங்கள். பாசியையும் ஒதுக்கினார்கள்.

எனக்கு அப்போது மணிக்கூடு திருத்துகிற தொழில். பள்ளிக்கூடம் என்னை நேரத்தோடு கைவிட்டது, ஆனால் நான் அதன் புத்தகங்களைக் கைவிடவில்லை. அக்கரைப்பற்றுச் சந்தையில் வாங்கிய, அட்டை இல்லாத தாவரவியல் புத்தகம் ஒன்றைப் பாதிக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். மாமி கரையில் ஒதுக்கிப் போட்ட குவியலிலிருந்து ஒரு கொப்பை எடுத்து, பிளேட்டால் சீவி, கண்ணில் மாட்டும் வில்லையை வைத்துப் பார்த்தேன். வெளித்தோலில் சிவப்புப் பொடிகள் நெருக்கமாக இருந்தன. உள்ளே தண்ணீர் நிரப்பிய பைகள் போலப் பெரிய பெரிய அறைகள். உறைய வைக்கிற பசை அந்த அறைச் சுவர்களில்தான் இருக்கிறது. குருவைப் பிளந்தேன். சீழ் இல்லை. குவிந்த சுவரும், உச்சியில் ஒரு சின்ன வாசலும், உள்ளே மணி மணியாக ஏதோவும் இருந்தன.

"மாமி, இது அம்மை இல்ல."

"பின்ன என்னவாம், முத்தோ?"

"புள்ளத்தாச்சி."

மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப மருத்துவிச்சியக் கூட்டிட்டு வா மனே."

தெரிந்த மட்டும் சொன்னேன். குரு பெண் பாசிக்குத்தான், ஆண் பாசிக்கு வராது. ஆணின் விதைக்கு நீந்தவும் தெரியாது, பெண்ணிடம் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால் உண்டு.

"நம்மட ஊரு மாப்பிள்ளதான். கொண்டுபோய் விட்டாத்தான் பொண்டாட்டிர வீட்டுக்குப் போவான்."

சேர்ந்த பிறகு உருவாகிறது தாயை விட்டுப் போகாது என்றேன். தாயின் தசையிலேயே வளரும், தாயின் தோலே அதற்குக் கூடு கட்டும்.

"உம்மாட வீட்டுலதான் புள்ள. அதுகளுக்கும் நம்மளப் போல தாய்வழிக் குடி இரிக்கி போல."

கூட்டின் வாசலால் விழுகிற தூள் சிப்பியில் ஒட்டி மூன்றாவது ஒரு வகையாக முளைக்கும். பார்வைக்கு அதுவும் தாய் தகப்பனைப் போலத்தான். அதன் தோலுக்கடியில் நாலு நாலாகப் பிரிகிற தூளிலிருந்துதான் மறுபடி ஆணும் பெண்ணும் வரும் என்றேன்.

மாமியின் சிரிப்பு நின்றது. "அப்ப இவ்வளவு காலமும் நான் புடுங்கிக் காயப் போட்டது தாய்மாரையா?"

பிளந்த கொப்பைக் குவியலின் ஓரத்தில் வைத்தேன்.

"இப்ப களப்புல நிக்கிறது முழுக்க ஆம்புளயா?"

"இருக்கலாம். அந்த மூணாவது வகையாவும் இருக்கலாம். இந்தக் கண்ணாடிக்கு அது விளங்காது மாமி."

மாமி மகளின் வீட்டுச் சுவர்களைப் பார்த்தார், பிறகு குவியலைப் பார்த்தார். மேலே கிடந்தது வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து, காற்றில் சரசரத்தது.

"காஞ்சது போனதுதான்" என்றேன். "அடியில ஈரமாக் கிடக்கிறத வேணுமெண்டா திரும்பத் தண்ணியில விட்டுப் பாக்கலாம்..." காலையில் களப்பில் கால் வைத்துப் பார்த்திருந்தேன். தண்ணீர் கஞ்சி போலச் சுட்டது.

"கூடையக் கொண்டா புள்ள" என்று மாமி குரல் கொடுத்தார். மகள் கூடையோடு வந்து குவியலில் கை வைக்கக் குனிந்தாள்.

"நீ தொடாத. குரு."

மகளை விலக்கிவிட்டு, ஈரப்பாசியைத் தானே கூடையில் அள்ளினார். பிறகு, முழங்காலளவுக்காவது தண்ணீர் நிற்கிற இடம் தேடி, வெடித்த சேற்றில் நடக்கத் தொடங்கினார்.